அந்த ஆள் பகலில் என்ன வேலை செய்கிறார்?

"பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். அடுத்து எதை எடுப்பது என்று தெரியவில்லை. சரித்திரம், கிரைம், காதல், அறிவியல், இலக்கியம் என்று எல்லா வகையிலும் உங்களுக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சொந்த அபிப்பிராயமாகச் சொல்லுங்கள். 'நூறு சிறந்த நாவல்கள்' மாதிரிப் பட்டியல் வேண்டாம்." இதுதான் கேள்வி.

பட்டியல் வேண்டாம் என்று நீங்களே சொன்னது நல்லதாய்ப் போயிற்று. அப்படிப்பட்ட பட்டியல்களை ஆளாளுக்குப் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றிலும் அதே இருபது புத்தகங்கள் வரிசை மாறி உட்கார்ந்திருக்கும். என் அபிப்பிராயத்தைத்தான் கேட்கிறீர்கள் என்பதால், நான் எதை வைத்து ஒரு நாவலை எடைபோடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வகை நாவலானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஆள் பகலில் என்ன வேலை செய்கிறார், அது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறதா? காதலிப்பதும் கொலை செய்வதும் அழுவதும் எல்லாருக்கும் பொது. வயிற்றுப்பாட்டுக்கு ஒருவர் செய்கிற காரியம் மட்டும் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறு. அது தெரியாமல் எழுதியவர் மற்றதையெல்லாம் எங்கிருந்தோ கடன் வாங்கித்தான் எழுதியிருப்பார் என்பது என் சந்தேகம். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் பொய்த்ததில்லை. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

நீங்கள் முடித்த புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர்கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு கொக்கியோடு முடிவதற்குக் காரணம் அதுதான். அடுத்த வாரம் இதழ் விற்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கொக்கிகளைத் தமிழில் அவரளவுக்குச் சுத்தமாகப் போட்டவர்கள் மிகச் சிலர். யோசித்துப் பாருங்கள், இத்தனை பக்கம் படித்தபின் உங்கள் மனசில் நிற்பவர்கள் யார்? வந்தியத்தேவன், பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், கொஞ்சம் சேந்தன் அமுதன். வந்தியத்தேவன் ஓலை கொண்டுபோகிறவன். பூங்குழலி கோடிக்கரையில் படகு செலுத்துகிறவள். ஆழ்வார்க்கடியான் ஒற்றன். சேந்தன் அமுதன் கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொடுக்கிறவன். ஆளுக்கொரு வேலை இருக்கிறது, அதற்காக ஊர் ஊராக அலைகிறார்கள். நந்தினியைத் தவிர்த்துவிட்டால், அரண்மனைக்காரர்கள் பாதிப் பேர் சதி ஆலோசனை செய்வார்கள் அல்லது தியாகம் செய்வார்கள். அருள்மொழிவர்மன் இவ்வளவு நல்லவனாக இருப்பதாலேயே எனக்கு அவன்மேல் பெரிய ஈடுபாடு வரவில்லை.

இன்னொரு விஷயம். கதை ஆரம்பிக்கும் வீராணம் ஏரிக்கரை காட்டுமன்னார்கோயில் பக்கம். அதே ஊரில் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய நிலங்களைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. அதாவது கொலை நடந்து பல வருஷம் கழித்து, ராஜராஜன் பட்டத்துக்கு வந்தபின், ஏதோ ஒரு சோழ அலுவலர் உட்கார்ந்து நிலக்கணக்குப் பார்த்திருக்கிறார். கல்கி கொலையை மர்மமாகவே விட்டுவிட்டார். அந்த நிலக்கணக்குப் பார்த்த அலுவலரை வைத்து ஒரு சரித்திர நாவல் வந்தால் முதல் பிரதி நான் வாங்குவேன். இதுவரை வரவில்லை. வருகிற சோழர் நாவல்கள் எல்லாம் குதிரை, வாள், குந்தவையின் கடைக்கண் பார்வை என்ற பாதையிலேயே ஓடுகின்றன.

சாண்டில்யனைப் பற்றிப் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் பிதுக்க மாட்டேன். வர்ணனைகள் நீளம்தான், கதாநாயகி வந்து நின்றால் பக்கம் நகராது. ஆனால் 'கடல் புறா'வில் கப்பல் வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். பாய், காற்று, போர்க்கலத்தின் அமைப்பு என்று அவருக்கு அதில் நிஜமான ஆர்வம் இருந்திருக்கிறது. கப்பல் வரும் பக்கங்களை மட்டும் படித்தால் நல்ல சாகச நாவல் கிடைக்கும். 

சரித்திரத்தில் நான் திரும்பத் திரும்ப எடுப்பது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008இல் வந்தது, 2011க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. மதுரையின் அறுநூறு வருஷத்தை எடுத்துக்கொள்கிறது. அளவு ரொம்பப் பெரிது, சில இடங்களில் ஆவணக் காப்பகக் குறிப்புகளைக் கதைக்குள் அப்படியே கொட்டிவிட்டாரோ என்று தோன்றும், ஒரு கண்டிப்பான எடிட்டர் இருநூறு பக்கமாவது குறைத்திருப்பார். இருந்தாலும் களவு என்பதை ஒரு தொழிலாக, வாத்தியார் வைத்துக் கற்க வேண்டிய வித்தையாக எழுதிய பக்கங்கள் உண்டே, சுவரில் கன்னம் வைப்பது (ஓட்டை போடுவது), இருட்டில் கால் வைப்பது, நாயைச் சமாளிப்பது, அதற்கு ஈடாகத் தமிழ்ச் சரித்திர நாவல்களில் எதையும் நான் காணவில்லை. களவுக்குப் போகிற கைதான் காவலுக்கும் போகிறது. பிறகு வெள்ளைக்காரன் போலீஸ் வருகிறது. ராஜா யார் என்பதைவிட இதுதான் எனக்குச் சரித்திரம்.

அடுத்தது கிரைம். நம் ஊரில் துப்பறியும் கதைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதித் தள்ளிய காலம் ஒன்று. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், தேநீர் குடித்துக்கொண்டே துப்பு துலக்குவார். 1968இல் 'நைலான் கயிறு' தொடரில் சுஜாதா கணேஷைக் கொண்டுவந்தார், பின்னால் வசந்த் வந்து சேர்ந்தான். கணேஷ், வசந்த் இருவரும் வக்கீல்கள் என்பது முக்கியம். கேஸ் கொண்டுவருகிறவர் ஃபீஸ் கொடுக்க வேண்டும், வக்காலத்துப் போட வேண்டும், வாய்தா வாங்க வேண்டும். சுஜாதா இதையெல்லாம் இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார், ஆனால் சொல்வார். அந்த இரண்டு வரியால்தான் மற்ற அதீதங்களை நம்பினோம். 'கொலையுதிர் கால'த்தில் பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுத்தடிக்கிறாரே, அது செல்லுபடியாவதற்குக் காரணம் கணேஷ் சொத்து விஷயமாக வந்த வக்கீலாகவே நடந்துகொள்வதுதான். வசந்தின் பெண்கள் பற்றிய ஜோக்குகள் இன்று பல இடங்களில் நெளிய வைக்கின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்பதுகளில் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள் தனி உலகம். ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் எழுதியவர். அவருடைய பழைய உத்தி ஒன்று உண்டு: சம்பந்தமில்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடும், கடைசியில் முட்டிக்கொள்ளும். எப்படி முட்டும் என்று ஊகிப்பதுதான் விளையாட்டு. கோவையிலிருந்து சென்னை போகும் ஒரு ராத்திரிக்கு அது போதும். எனக்குள்ள குறை வேறு. இந்த நாவல்களில் போலீஸ்காரர்கள் எழுதுவதே இல்லை. நிஜத்தில் ஒரு காவல் நிலையத்தில் பாதி நேரம் எழுதுவதில் போகும். எஃப்.ஐ.ஆர்., மகஜர், சாட்சி வாக்குமூலம், பிரேத விசாரணை அறிக்கை. அந்தக் காகிதத்துக்குள் எவ்வளவு கதை இருக்கிறது! நம் கிரைம் நாவலில் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதிப்பார், 'பாடி'யைப் பார்ப்பார், தொப்பியைக் கழற்றுவார்.

அதனால் தமிழின் சிறந்த கிரைம் நாவல் எது என்று கேட்டால், கிரைம் அலமாரியிலேயே இல்லாத ஒன்றைத்தான் சொல்வேன். பூமணியின் 'வெக்கை', 1982. பதினைந்து வயதுச் சிதம்பரம் கையை வெட்டப் போய் ஆளையே கொன்றுவிடுகிறான். அங்கிருந்து கதை ஆரம்பம். யார் கொன்றது என்ற கேள்வியே இல்லை. அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர், எதைப் பறித்துத் தின்னலாம், புகை தெரியாமல் எப்படிச் சோறு பொங்குவது, எந்தப் பாறைக்கு அடியில் படுக்கலாம் என்பதே நாவல். 'அசுரன்' படம் பார்த்தவர்கள் அந்த ரத்தத்தை எதிர்பார்த்து இதைத் திறந்தால் ஏமாந்துபோவார்கள். நாவலில் ரத்தம் குறைவு, பசி அதிகம். அப்பா மகனிடம் ஒரு தடவைகூட நீட்டி அறிவுரை சொல்வதில்லை. கூழ் காய்ச்சுகிறார். நூற்றைம்பது, இருநூறு பக்கம்தான், ஒரே இருப்பில் முடித்துவிடலாம்.

காதல் நாவல்களுக்கு வருவோம். ரமணிசந்திரனின் நாவல்களை என் வீட்டுப் பெண்கள் வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று எடுத்தார்கள். நானும் மறைத்து வைத்துப் படித்திருக்கிறேன், இதில் வெட்கம் ஒன்றுமில்லை. நடையில் தடங்கல் இருக்காது, மனஸ்தாபம் எப்படி உருவாகி எப்படிக் கரைகிறது என்பதில் கை தேர்ந்தவர். ஆனால் அந்த வகைக் கதாநாயகர்களை வரிசையாக நிறுத்தி, "தம்பி, உங்கள் தொழில் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "பிசினஸ்" என்பார்கள். என்ன பிசினஸ்? ஃபேக்டரி. என்ன ஃபேக்டரி? பதில் இருக்காது. மேஜைமேல் ஃபைல் இருக்கும், கையெழுத்துப் போடுவான், கார்ச் சாவியைச் சுழற்றுவான். நூல் மில்லா, பம்ப்செட்டா, பனியன் கம்பெனியா என்று கடைசிவரை தெரியாது. கதாநாயகி அதைக் கேட்பதும் இல்லை. மாமியார் கேட்டிருப்பார், ஆனால் அந்த அத்தியாயத்தை எழுதவில்லை.

தி. ஜானகிராமனை இந்த வரிசையில் வைத்தால் சிலர் கோபப்படுவார்கள். ஆனால் 'மோகமுள்' காதல் கதைதானே? பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை நினைத்து உருகுகிற பக்கங்களைவிட, ரங்கண்ணாவிடம் பாட்டு கற்கிற பக்கங்கள்தான் எனக்கு நாவலின் உயிர். ஒரு ஸ்வரத்தில் நிற்பது எவ்வளவு உழைப்பு என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் ஜானகிராமனுக்குச் சங்கீதம் தெரியும். யமுனா விஷயத்திலும் அவர் காசை மறப்பதில்லை. அப்பா போனபின் அந்த வீட்டில் அரிசிக்கு வழி எப்படி ஒவ்வொரு படியாக அடைபடுகிறது என்பதைச் சொல்லித்தான் யமுனாவின் பெருமிதத்தை நமக்குப் புரியவைக்கிறார். 'அம்மா வந்தாள்' (1966) இன்னும் செட்டான நாவல். காவிரிக்கரை வேதபாடசாலையில் படித்து முடித்த பையன் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்கிறான். 'மரப்பசு' எனக்கு ஒட்டவில்லை. அம்மணி பேசுவதெல்லாம் ஜானகிராமன் தட்டச்சு செய்து கையில் கொடுத்த மாதிரி இருக்கிறது.

காதலில் என் முதலிடம் இன்னும் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'க்குத்தான். 1964. குமரி மாவட்டப் பனைவிளை. லிஸி பெரிய வீட்டுப் பெண், வயதுக்கு வந்ததும் படிப்பு நின்று வீட்டுக்குள் அடைகிறாள். தங்கராஜ் பனையேறிக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் பேசிக்கொள்ளும் இடங்கள் சொற்பம். பனையேறுகிறவனுக்கும் பனை வைத்திருப்பவருக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தக் காதலின் மொத்தச் சிக்கலும். எழுதியவர் அதற்கு ஒரு வரிகூட விளக்கம் சொல்லவில்லை, மரமும் அக்கானியும் (பதநீர்) கருப்பட்டியும் சொல்லிவிடுகின்றன. இதைப் படித்தவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

அறிவியல் புனைவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சிறுகதையில் நல்லவை இருக்கின்றன, நாவலில் பஞ்சம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். ரோபாட் நாய் ஜீனோவுக்காக அல்ல. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வாங்குவது, குடிமக்களுக்கு எண், அலுவலகத்துக் கெடுபிடி என்று அந்தச் சர்வாதிகாரத்தின் குமாஸ்தா முகத்தைக் காட்டும் இடங்களுக்காக. பொதுத்துறை நிறுவனத்தில் எஞ்சினியராக இருந்தவர் என்பதால் படிவங்களின் கொடுமை அவருக்கு நன்றாகத் தெரியும். 'மீண்டும் ஜீனோ' அந்த அளவுக்கு வரவில்லை. அமானுஷ்ய நாவல்கள் எனக்குச் சரிப்படுவதில்லை, அதில் என் பேச்சை நம்பாதீர்கள்.

இனி, வேலையையே கருவாக எடுத்துக்கொண்ட நாவல்கள். என் அளவுகோல்படி இவையெல்லாம் எனக்குப் பிடித்திருக்க வேண்டும். அப்படி இல்லை, இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

ராஜம் கிருஷ்ணன் ஒரு தொழிலைப் பற்றி எழுத நினைத்தால் அந்த ஊருக்கே போய், ஆட்களோடு பழகிவிட்டு வந்து எழுதுவார். நீலகிரிப் படகர்களைப் பற்றி 'குறிஞ்சித்தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்', சிவகாசித் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக்குஞ்சுகள்'. அந்தக் காலத்தில், ஒரு நடுத்தர வர்க்கத்துப் பெண் எழுத்தாளர் இப்படி அலைந்தது சாதாரணமில்லை. 'கரிப்பு மணிக'ளில் உப்பு வாருகிறவர்களின் கால் புண், வெள்ளைப் பாத்தியிலிருந்து எழும் கண்கூச்சம், குடிக்கத் தண்ணீர் இல்லாமை, பெண்களிடம் கணக்குப்பிள்ளைகளின் அத்துமீறல் எல்லாம் மறக்காது. ஆனால் உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது பாத்திரங்கள் மேடையில் நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தகவல் கேட்டுத் தெரிந்தது, கோபம் எழுதியவருடையது. இரண்டும் சில இடங்களில் சேராமல் தனித்தனியாக நிற்கும்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இதற்கு மறுமுனை. ஆரோக்கியம், தலித் காலனிக்குத் துணி வெளுக்கிற, சாவுக்கும் பிரசவத்துக்கும் ஓடுகிற, இரவில் வீடு வீடாகச் சோறு எடுக்கிற பெண். அறுவடைக் களத்தில் தன் பங்குத் தானியத்துக்காக அவள் கெஞ்சுகிற இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்தேன். அவளுக்கு இது அடிமைத்தனம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் தொழிலில் தனக்கு ஓர் உரிமை இருக்கிறது என்று நம்புகிறாள். அந்தத் தொழிலே கையைவிட்டுப் போகும்போது அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது, அவளோ புலம்புகிறாள். தலித்துகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காட்டியதற்காக இந்த நாவல் அப்போது கடுமையான வாக்குவாதத்தைக் கிளப்பியது. விவாதம் ஓய்ந்துவிட்டது, ஆரோக்கியத்தின் குரல் இன்னும் ஓயவில்லை.

ஜோ டி குருஸின் 'ஆழிசூழ் உலகு' (2004) பரதவர் கடற்கரையின் அரை நூற்றாண்டு. கடலில் கட்டுமரம் கவிழ்ந்து மிதந்துகொண்டிருப்பவர்களோடு தொடங்கும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் அவர்களிடம் உள்ள சொற்களில் பாதி எனக்குத் தெரியாது, புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் இருக்கிறது. நான் அதைப் புரட்டுவதை நிறுத்திவிட்டேன். சுறா வேட்டைப் பக்கங்களை அர்த்தம் பார்க்காமல் படித்தாலும் கை நடுங்கும். நடுவில் ஆட்கள் ரொம்ப அதிகம், யார் யாருக்கு மச்சான் என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். தடுமாறினால் பரவாயில்லை, மேலே போங்கள்.

இந்த வெற்றிகளைப் பார்த்துவிட்டுப் பிறகு வந்தவர்கள் செய்த காரியம்தான் எனக்கு எரிச்சல். ஒரு தொழில், ஒரு சாதி, ஒரு வட்டாரம். சடங்குகளை வரிசையாக எழுது, வசைச்சொற்களைத் தூவு, கருவிகளின் பெயர்களை அடுக்கு, கடைசியில் ஒரு சாவு. நாவல் தயார். இதில் வேலை பற்றிய தகவல் இருக்கிறது, வேலை செய்கிற ஆள் இல்லை. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிச்சைக்காரர்களை 'உருப்படி' என்று வாங்கி விற்கிற பண்டாரம் தன் மகள்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். கொடூரத் தொழில் செய்கிறவர் வீட்டுக்கு வந்தால் நல்ல அப்பா. அவர் கெட்டவர் என்று நாவல் ஓர் இடத்திலும் சொல்வதில்லை, கணக்கு மட்டும் பார்க்கிறது. படித்து முடித்தபின் கோயில் வாசலில் காசு போடும்போது கை தயங்கும்.

வேலை என்றால் வெளியே போய்ச் சம்பாதிப்பது மட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' அந்தக் கேள்விக்கு ஐந்நூறு பக்கப் பதில். ஒரு முஸ்லிம் ஊரின் பெண்கள், வீடுகளுக்குள்ளேயே, அடுத்தடுத்த வீடுகளுக்குள்ளேயே. சமைப்பது, பார்த்துக்கொள்வது, காத்திருப்பது, ஒருத்தியை ஒருத்தி கண்காணிப்பது. இந்தக் கண்காணிப்பும் ஒரு வேலைதான், சம்பளம் இல்லாத வேலை. கதை எங்கே போகிறது என்று தெரியாமல் போகிறது, அந்த வாழ்க்கையும் அப்படித்தானே போகிறது.

சிந்தனை நாவல்களில் என் அளவுகோல் செல்லாது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றியது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள் அவனும் இறந்துபோகிறான். என் தலைமுறை அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. இன்று திரும்ப எடுத்தால் கிண்டல் பகுதிகள் அப்படியே புதிதாக இருக்கின்றன, டைரிக் குறிப்புகளின் பொன்மொழித்தனம் வெளிறிவிட்டது. அதே ஆசிரியரின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) எனக்கு வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறது. நகரசபை, புளி ஏலம், கடைக்காரர்களின் போட்டி, பத்திரிகைக்காரர்களின் சின்னத்தனம் எல்லாம் சேர்ந்து ஒரு மரத்தைச் சாகடிக்கின்றன. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) பிரமிப்பு. முதல் பாகத்துத் திருவிழா நாளின் நெரிசல் ஒன்றே போதும். நடுப்பாகத்துத் தத்துவ விவாதங்களை ரசிக்கத் தனிப் பயிற்சி வேண்டும், எனக்குப் பாதிதான் இருக்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டாம், அடுத்த வருஷம் பாருங்கள்.

அசோகமித்திரன் எந்த வகையிலும் அடங்க மாட்டார். ஜெமினி ஸ்டூடியோவில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். சினிமாவைப் பற்றி 'கரைந்த நிழல்கள்' எழுதினார், அதில் நட்சத்திரம் முக்கியமே இல்லை. தயாரிப்பு நிர்வாகிக்கு விடியற்காலை வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், ஆட்களை எழுப்பிக் கூட்டிப் போக வேண்டும், சாப்பாடு வர வேண்டும், பணம் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஆள் மாறுவார், முந்தின அத்தியாயத்துக்காரர் என்ன ஆனார் என்று யாரோ போகிற போக்கில் சொல்வார்கள். '18வது அட்சக்கோடு' செகந்தராபாத்தில், நிஜாம் சமஸ்தானத்தின் கடைசி நாட்களில், ஒரு தமிழ்ப் பையனின் கதை. அவன் கவலை கிரிக்கெட்டும் வீட்டு மாடும். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. கடைசிச் சில பக்கங்களில் அவன் பார்ப்பதை நான் சொல்ல மாட்டேன். குரல் உயர்த்தாமல் இவ்வளவு சொல்ல முடியுமா என்று இப்போதும் ஆச்சரியம்.

ஒன்றே ஒன்று என்றால்? ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 1972. சிங்கம்புணரிக்காரர். 1938இல் சுமாத்ராவிலுள்ள மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர், போர் முடிந்து 1946இல் திரும்பியவர், பிறகு மதுரையில் பத்திரிகை வேலை. மொத்தமே இரண்டு நாவல்கள்தான் எழுதினார். முதல் நாவல் 'கடலுக்கு அப்பா'லில் ஒரு நுணுக்கம் உண்டு. வட்டிக்கடைக்காரர் தன் கடைப் பையனுக்கு மகளைக் கொடுக்க மறுக்கிறார். காரணம் சாதியோ ஏழ்மையோ இல்லை, பையன் இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி தூக்கிவிட்டான். பட்டாளத்துக்குப் போனவன் பெட்டியடிக்கு, அதாவது வட்டிக்கடைக் கணக்குப்பெட்டி வேலைக்கு, லாயக்கில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். வேலை ஒருவரை எப்படி வளைக்கிறது என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது.

'தோணி' இன்னும் விரிந்தது. ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைவது, கடைகள் மூடுவது, நோட்டு செல்லாமல் போவது, பினாங்கு, பாண்டியனின் அலைச்சல். நடு நடுவே மதுரை ஞாபகம் வரும்போது தெரு, கடை, வியாபாரி என்று ஒவ்வொன்றாக ஓடும். மது மேசையில் உட்கார்ந்து தமிழ்ப் பெருமையைக் கூறு போடுகிற பேச்சு ஒன்றுண்டு. பொன்னியின் செல்வனை முடித்த கையோடு அதைப் படித்தால் கொஞ்சம் வலிக்கும், வலிக்கட்டும். உலகப் போர் நம் ஆட்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்ல, வட்டிக்கடையில் அடுத்தாளாகவும் (உதவியாளாகவும்) பெட்டியடிப் பையனாகவும் போனவர்களின் கண்தான் வேண்டியிருந்தது. தளபதிகளின் நினைவுக்குறிப்புகளில் அது கிடைக்காது. குறையும் உண்டு. பாண்டியன் எதைத் தொட்டாலும் ஜெயிக்கிறான், பெண்கள் வந்து வந்து போகிறார்கள், அங்கே மட்டும் சினிமா வாசனை.

கடல் தாண்டிய தமிழர் கதை உங்களுக்குப் பிடித்துப்போனால் அங்கிருந்து ஷோபாசக்தியின் 'கொரில்லா'வுக்குப் போங்கள். பிரான்சில் தஞ்சம் கேட்கிற ஈழத்தமிழனின் அகதி விண்ணப்பத்திலிருந்து கிளம்பும் நாவல். காவல் நிலையத்துக் காகிதத்தைப் பற்றி மேலே புலம்பினேன் அல்லவா, ஒரு விண்ணப்பத்தை வைத்து என்ன செய்யலாம் என்று அவர் காட்டிவிட்டார். இலங்கை எழுத்தாளர் கே. டானியலின் 'பஞ்சம'ரையும் சேர்த்துப் படித்தால்தான் யாழ்ப்பாணத்தின் மறுபக்கம் தெரியும், ஆனால் அது நடையில் முரடு.

வரிசை கேட்கிறீர்கள் என்றால்: முதலில் 'வெக்கை', ஏனென்றால் சின்னது, ஐந்து பாகம் படித்த களைப்புக்கு நல்லது. பிறகு 'புத்தம் வீடு'. பிறகு '18வது அட்சக்கோடு'. அதற்குப் பிறகு 'புயலிலே ஒரு தோணி'. அதில் முதல் ஐம்பது பக்கம் மலாய்ச் சொற்களும் கடைப் பெயர்களும் வந்து மிரட்டும், அகராதி தேடாமல் தாண்டிவிடுங்கள். நடுவில் அலுத்தால் ஒரு ராஜேஷ்குமார். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மற்றவர்களுடையதைக் காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது மாவட்ட நூலகத்தில் கேளுங்கள். 'புத்தம் வீடு' கடையில் இல்லையென்றால் நூலகத்தில் அநேகமாக இருக்கும், எடுப்பார் இல்லாமல்.